கடன் என்ற சொல்

சிந்தாதிரிப்பேட்டையில்
மஞ்சள் நீராட்டு, மணமேடை, கண்ணீர் அஞ்சலி
மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் அடிக்கும் கடை என்னுடையது.
எத்திராஜுலு சார் முதல்நாள் படியேறியபோது
மூன்றாவதுக்குத்தான் என்று நினைத்து
"போட்டோ கொண்டாந்தீங்களா?" என்றேன்.
"ஆள் இன்னும் சாகலை" என்று
ஒரு துணிமூட்டையை மேசையில் வைத்தார்.

உள்ளே துண்டுச் சீட்டுகள்.
எண் போட்டு, நூல் கோத்து,
எறும்புபோல் எழுத்து.
முதல் வரி:
பிறவி என்பது கேளாமல் கொடுக்கப்பட்ட கடன்.

பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் பேசினோம்.
அப்போது எனக்கு ஏழாம் மாதம்.
கீபோர்டுக்கும் எனக்கும் நடுவில்
யாரோ முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டுகளைத் திருப்பினால் ரசீது.
அசல் நூற்று நாற்பது, வட்டி முப்பத்தைந்து,
பெற்றுக்கொண்டேன், இப்படிக்கு.
முன்பக்கம் அடித்தேன்.
பின்பக்கம் படித்தேன்.

அப்பா நடத்திய சீட்டுக் கம்பெனி
ஒரு ஆடிமாதம் படுத்துக்கொண்டது.
அப்பா பேசின் பிரிட்ஜ் பக்கம் நடந்து போனார்,
திரும்பவில்லை.
தலைமாட்டில் நின்று
அழுகைக்கு நடுவே தொகை சொன்னவர்களை
பதினேழு வயதுப் பையன்
கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டான்.
பிறகு இருபத்திரண்டு வருஷம்
காலேஜில் தர்க்கம் நடத்திய சம்பளம்
ஒன்றாம் தேதி வந்து
இரண்டாம் தேதி போனது.
கல்யாணம் வரும் என்று பார்த்தார்கள்;
ரசீது வந்தது.

புத்தகம் இதையெல்லாம் சொல்லவில்லை.
புத்தகம் 'மனிதன்' என்று சொல்கிறது,
'இருப்பு' என்கிறது, 'துயரத்தின் தவிர்க்கவியலாமை' என்கிறது.

ஒருநாள் கேட்டேன்:
"சார், கடன்னா கடமைன்னும் அர்த்தம் உண்டே,
நீங்க எதைச் சொல்றீங்க?"
கூவம் நாறும் ஜன்னலைப் பார்த்தபடி
வெகுநேரம் இருந்தார்.
"அப்பாவைக் கேட்டிருக்கணும்" என்றார்.
பிறகு, "காலைக்கடன்னும் சொல்றாங்க, ஜெபசீலி,
அதையும் சேர்த்துக்கோ."
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை.

உயிர் வாழ்தல் பிழை என்று எழுதியவர்
அருணாசலத் தெருவைக் கடக்க
இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடியும் பார்த்து,
மீன்பாடி வண்டிக்கெல்லாம் வழிவிட்டு நிற்பார்.
பிரஷர் மாத்திரை தீர்ந்தால் பதறுவார்.
நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு
ஐந்தாம் அத்தியாயம் வந்தது.
"நாலு எங்கே சார்?"
"இன்னும் எழுதி முடிக்கலை."
ஆறு வந்தது, ஏழு வந்தது.
கோஷா ஆஸ்பத்திரியில் கெசியா வந்தாள்,
இரண்டே முக்கால் கிலோ.

மூன்று மாதம் கழித்துக்
கடை திறந்த அன்று
நாலைக் கொண்டுவந்து வைத்தார்.
தலைப்பு: பிள்ளை பெறுதல் எனும் குற்றம்.
வாசித்தேன். எதிர்வாதம் என்னிடம் இல்லை.
பால் கட்டி மார்பு வலித்தது, அவ்வளவுதான்.
பழக்கத்தில் சீட்டைத் திருப்பினேன்.
ரசீதுகளின் தேதி எழுபத்தொன்பது.
கோத்த நூல்கூட இற்றுப்போயிருந்தது.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை.
தொட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்.
குழந்தை சிணுங்கியபோது
சிவப்புப் பேனா நின்றது,
அடங்கியதும் நகர்ந்தது.

"இந்த அத்தியாயத்துக்கு மட்டும்
காசு பாக்கி இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்,
வாழ்நாளில் யாரிடமும்
ஒரு டீக்குக்கூடச் சொல் வைக்காதவர்.

நூறு பிரதி போட்டார், விற்றது பத்தொன்பது.
இரண்டாவது ஊரடங்கில் போய்ச்சேர்ந்தார்;
கண்ணீர் அஞ்சலி நான்தான் அடித்தேன்.
போட்டோ கிடைக்கவில்லை.

வருஷக் கணக்கு முடிக்கும்போது
அந்தப் பக்கம் வந்துவிடுகிறது:
எத்திராஜுலு, 31 பக்கம், 372 ரூபாய்.
வராக்கடன் என்று எழுதி
அடித்துவிடச் சொல்கிறார் ஆடிட்டர்.

அடிக்கத்தான் தெரியும் எனக்கு, இருபது வருஷமாக.
இதை அடிக்கவில்லை.
அடுத்த வருஷ நோட்டுக்கு
கொண்டுபோய் எழுதுகிறேன்.